சொல்லக் கூசிய இடத்து வலி

யாங்கூன் லான்மடாவில் எங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு வட்டக் கல் இருந்தது. சந்தனம் இழைப்பதுபோல் அதில் தண்ணீர் தெளித்துத் தனக்கா மரத்துண்டை இழைப்போம். வெளிர்மஞ்சள் குழம்பு வரும். வெயிலுக்கும் அதுதான், வேர்க்குருவுக்கும் அதுதான், பருவுக்கும் கொசுக்கடிக்கும் அதுதான். நெற்றியில் திருநீறும் கன்னத்தில் தனக்காவுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். 2021இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊரை விட்டுப் புறப்பட்டோம். வணிகவியல் பட்டச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள், மாற்றுத் துணிகள், பழைய சேலையில் சுற்றிய அந்தக் கல். எங்கள் பெட்டியில் இருந்தவை இவ்வளவுதான்.

கோலாலம்பூரில் அகதிகளாகக் குடியேறிய பிறகு, ஒரு நாள் எங்கள் மூத்த மகள் நொண்டி நடந்தாள். அவளுக்கு அப்போது 24 வயது. கேட்டால், "படியிலே கால் பிசகிருச்சும்மா" என்றாள். மூன்று நாள் அப்படியே வேலைக்குப் போய் வந்தாள். நான்காம் நாள் காய்ச்சல் அடித்தது. அப்போதுதான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். அப்பாவின் பழைய ரேசரை எடுத்து, தோலை நனைக்கக்கூட இல்லாமல், அவசர அவசரமாக அந்தரங்க முடியை மழித்திருக்கிறாள். மறுநாள் அரிப்பும் சிவப்புப் புள்ளிகளும் வந்தன. தோலில் எது வந்தாலும் நாங்கள் கற்றுக்கொடுத்த மருந்து ஒன்றுதானே? யாரும் பார்க்காத நேரத்தில் அந்தக் கல்லில் தனக்கா இழைத்து, கீறல் பட்ட தோலின் மேலேயே தடவியிருக்கிறாள். நாங்கள் பார்த்தபோது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி.

மருத்துவர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்தார். ஒரு வாரத்துக்கு ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அகதி அட்டையை வைத்துக்கொண்டு வாழும் குடும்பத்துக்கு ஒரு மருத்துவச் சீட்டு எவ்வளவு கனம் என்று இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்று எங்களுக்குக் கனத்தது செலவல்ல, அவர் கேட்ட கேள்வி: "முதல் நாளே அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை?" மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எங்களுக்கும் பதில் வரவில்லை. 24 ஆண்டுகளில் அந்த இடத்தைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு தடவைகூடப் பேச்சு எழுந்ததில்லை.

இப்படி ஒரு பொருளைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்களுக்கும் கூச்சம்தான். ஆனாலும் அன்றிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, எங்களைப் போல ஊர்விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்ப்பவர்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று நினைக்கிறோம்.

அந்த முடி அழுக்கா?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மறைவிட முடி அழுக்கு அல்ல, நோயும் அல்ல. துணியும் தோலும் உரசும்போது இடையில் மெத்தைபோல் இருந்து தோலைக் காக்கிறது. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் சுத்தத்துக்கு அதுவே போதும். முடியை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். அது அவரவர் விருப்பம்.

ஆனால் உலகம் முழுவதும் பெண்கள் இதைச் சுத்தத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் பார்க்கிறார்கள். 2016இல் அமெரிக்காவில் 3,316 பெண்களிடம் நடத்திய ஆய்வில், முடியை எடுப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவர் சுத்தத்துக்காக என்று காரணம் சொன்னார்கள்.

எங்கள் யாங்கூனில் சோலியா முஸ்லிம்கள் என்று அழைக்கப்படும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. மறைவிட முடியை நாற்பது நாளுக்கு மேல் விடக்கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தின் தூய்மை நெறி. பிள்ளைகள் பருவம் அடைந்ததும் கற்க வேண்டிய பாடங்களில் அதுவும் ஒன்று. நெறியைப் பின்பற்றுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் பெரியவர்கள் வாய்திறந்து சொல்லித்தரும் வழக்கத்தை எல்லா வீடுகளும் கடன் வாங்கலாம். எங்கள் வீட்டில் அது இல்லாமல் போனதன் விலையைத்தான் மேலே சொன்னோம்.

மருத்துவமனையே கைவிட்ட பழக்கம்

"அழுக்கு இல்லையென்றால் பிரசவத்துக்கு முன்னே ஏன் மழித்தார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பல நாடுகளில் பிரசவத்துக்கு வந்த பெண்ணை மழிப்பது வழக்கமாக இருந்தது. முடியில் கிருமி தங்கும், தையல் போட வசதி என்றெல்லாம் சொன்னார்கள். ஆனால் 1922இலேயே ஜான்ஸ்டன், சிடால் என்ற இரு மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மழித்தவர்களுக்கும் மழிக்காதவர்களுக்கும் தொற்றில் வேறுபாடு தெரியவில்லை. பின்னாளில் காக்ரேன் ஆய்வாளர்கள் மூன்று சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1,039 பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோதும், மழித்ததால் காய்ச்சல் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. முடி திரும்ப முளைக்கும்போது அரிப்பும் எரிச்சலும்தான் மிச்சம்.

2018இல் உலக சுகாதார நிறுவனம் தன் பிரசவப் பராமரிப்பு வழிகாட்டியில், சாதாரணப் பிரசவத்துக்கு முன் வழக்கமாக மழிப்பது பரிந்துரைக்கப்படவில்லை என்று எழுதியது. அறுவை சிகிச்சைக்கும் இதே பேச்சுதான். முடியை எடுக்காமல் விடலாம், எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால் கத்தரிக்கலாம், ரேசர் வேண்டாம் என்பது 2016ஆம் ஆண்டு வழிகாட்டி. காரணம் எளிது. ரேசர் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களை விட்டுச் செல்கிறது. அந்தக் கீறல்கள்தான் கிருமிக்கு வாசல். சுத்தம் என்று நினைத்துச் செய்தது தொற்றுக்கு வழி திறந்துவிடுகிறது.

இதில் உயிர்ப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. பிரிட்டனில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக இயங்கிய ஜோஸ் அறக்கட்டளை, 2018இல் 25 முதல் 35 வயது வரையுள்ள இரண்டாயிரம் பெண்களிடம் கேட்டது. முடியை மழிக்கவோ வாக்ஸ் செய்யவோ முடியாமல் போனால் பரிசோதனைக்கே போகமாட்டோம் என்று ஏறக்குறைய மூன்றில் ஒருவர் சொன்னார்கள். பரிசோதனை செய்யும் மருத்துவரோ தாதியோ முடியைப் பார்ப்பதில்லை. பரிசோதனைக்கு அழைப்புக் கடிதம் வந்து மேசையில் கிடந்தால், அப்படியே போய் வாருங்கள்.

ஏன் அங்கே மட்டும் இவ்வளவு வலி?

அந்தப் பகுதித் தோல் மென்மையானது. மடிப்பு அதிகம், வியர்வை அதிகம், நடந்தாலே உரசல். ஒவ்வொரு மயிர்க்காலையும் சுற்றி நரம்பு நுனிகள் இருக்கின்றன. அதனால் முடியை வேரோடு பிடுங்கினால் வலிக்கத்தான் செய்யும்.

முடி சுருள்வது இன்னொரு காரணம். மழிக்கும்போது முடியின் நுனி சாய்வாக வெட்டுப்பட்டு ஈட்டிபோல் கூராகிறது. நேராக வளரும் முடி வெளியே வந்துவிடும். சுருண்ட முடியோ வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்துகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. அதுதான் மழித்த சில நாட்களில் தோன்றும் சிவப்புப் புள்ளியும் கொப்புளமும். அதை நகத்தால் கிள்ளினால் கிருமி உள்ளே போகும். நம்மைப் போன்ற கருந்தோலில் புண் ஆறிய பிறகும் கருந்தழும்பு பல மாதம் நிற்கும்.

காயம் படுவது அரிதும் அல்ல. 2017இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், அந்தரங்க முடியை எடுக்கும் ஆண் பெண் இருபாலரிலும் நான்கில் ஒருவர் ஏதோ ஒரு காயம் பட்டதாகச் சொன்னார்கள். அவற்றில் வெட்டுக்காயமே அதிகம்.

எந்த முறைக்கு என்ன செலவு?

கணக்கு எழுதிப் பழகிய எங்களுக்கு எதையும் வரவு செலவாகப் பார்ப்பதுதான் வழக்கம். இதையும் அப்படியே பார்ப்போம்.

கத்தரிப்பது: நட்டம் மிகக் குறைவு. முனை மழுங்கிய சிறு கத்தரிக்கோலோ, காப்புச் சீப்பு பொருத்திய ட்ரிம்மரோ போதும். தோலை ஒட்ட வெட்டாமல் சில மில்லிமீட்டர் விட்டுவிட்டால் வலியும் இல்லை, முடி உள்ளே திரும்புவதும் இல்லை. தோல் எளிதில் எரிச்சல் அடைபவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இதோடு நின்றுகொள்வது நல்லது.

மழிப்பது: மழித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் கத்தரித்துக் குட்டையாக்குங்கள். ஐந்து பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் முடி மெத்தென்று ஆகும். வாசனை இல்லாத ஜெல் பூசி, புதிய ரேசரால், முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் இழுங்கள். தோலை இறுக இழுத்துப் பிடிக்காதீர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள். ரேசரை எவரோடும் பகிர வேண்டாம், கணவனோடும்கூட. மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் இரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை.

வாக்ஸ்: முடி ஓர் அரிசி நீளமாவது இருக்க வேண்டும், அதாவது அரை சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் வேரோடு வராமல் நடுவில் அறுந்து, உள்ளே வளரும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்கு வலி கூடுதலாக இருக்கும், அந்த நாட்களைத் தவிர்க்கலாம். சூட்டை முதலில் மணிக்கட்டில் தொட்டுப் பாருங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையோ ரெட்டினாய்டு க்ரீமோ பயன்படுத்துபவர்கள் வாக்ஸ் செய்யக் கூடாது, தோலே உரிந்து வந்துவிடும். பாராசிட்டமால் ஒத்துக்கொள்பவர்கள் அரை மணி நேரம் முன்பே ஒன்று போட்டுக்கொள்ளலாம். பிடுங்கிய கையோடு உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்தினால் வலி சற்று அடங்கும்.

முடி நீக்கும் க்ரீம்: முடியின் கெராட்டின் புரதத்தைக் காரத்தன்மையுள்ள தயோகிளைகொலேட் கரைத்துவிடும். தோலின் மேற்புறத்திலும் அதே கெராட்டின்தான் இருக்கிறது. சொன்ன நேரத்துக்கு மேல் விட்டால் தோலும் வெந்துபோகும். முன்கையில் சிறிது தடவி 24 மணி நேரம் பாருங்கள். அந்தரங்கப் பகுதிக்கு என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும், அதுவும் வெளித்தோலில் மட்டும் பயன்படுத்துங்கள். உட்பக்க மென்தோலில் படவே கூடாது.

லேசர்: மயிர்க்காலில் உள்ள கருநிறத்தைக் குறிவைத்து வேலை செய்வது. நம் தோலிலும் அதே கருநிறம் இருப்பதால் தவறான கருவி சுட்டுவிடும். கருந்தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகையே பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் பயன்படுத்த விற்கும் ஒளிக்கருவிகள் பல நம் நிறத்துக்கு ஏற்றவை அல்ல. பெட்டியில் இருக்கும் நிற அட்டையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மரத்துப்போகச் செய்யும் க்ரீம்: ஓர் எச்சரிக்கை

வலி தெரியாமல் இருக்க லிடோகெய்ன் கலந்த க்ரீம் பூசுவார்கள். சிறிய இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நேரம் வரை பூசினால் உதவும். ஆனால் 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. லேசர் முடி நீக்கத்துக்குப் போவதற்கு முன் கால்களில் இந்தக் க்ரீமைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்ட இளம்பெண்கள் இருவர் இறந்துபோயிருந்தார்கள். பரந்த இடத்தில் பூசி மூடினால் மருந்து தோல் வழியே இரத்தத்தில் ஏறி, வலிப்பையும் இதயத் துடிப்புக் கோளாறையும் உண்டாக்கும். கீறல் பட்ட தோலில் இன்னும் வேகமாக ஏறும். ஆகவே பிளாஸ்டிக்கால் மூடாதீர்கள், புண்ணில் பூசாதீர்கள். எவ்வளவு பூசுவது என்று மருந்தாளரிடம் கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் கல்லும் நம் மூலிகையும்

தனக்கா மரம் நமக்கு அந்நியம் இல்லை. தமிழில் மகாவில்வம் என்று சொல்லும் மரம்தான். பர்மாவில் ஷ்வேபோ, ஷின்மாடவுங் பகுதித் தனக்காவுக்கு மதிப்பு அதிகம். அதன் பட்டையில் அழற்சியைச் சற்றுக் குறைக்கும் பண்பு இருப்பதாக ஆய்வகச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன. முழுத்தோலில் பூசினால் குளிர்ச்சிதான். ஆனால் எங்கள் கல் நாள்தோறும் ஈரத்தில் கிடப்பது. குழாய்த் தண்ணீர், பலர் கை, பழைய குழம்பின் மிச்சம் எல்லாம் அதில் இருக்கும். அதை வெட்டுப்பட்ட தோலில் தடவினால் கிருமியைக் கையால் எடுத்து உள்ளே வைப்பதுபோல.

இப்போது தனக்காப் பொடியையும் குசும்பா எண்ணெயையும் குழைத்துப் பூசினால் முடி நிரந்தரமாகப் போய்விடும் என்று இணையத்தில் விற்கிறார்கள். எங்கள் பாட்டிமார் வாழ்நாள் முழுவதும் தனக்கா பூசினார்கள், மேலுதட்டு ரோமம்கூட அப்படியேதான் இருந்தது. முடியை நிரந்தரமாக நீக்குவது என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வது, மயிர்க்கால் ஒவ்வொன்றிலும் மின்சாரம் செலுத்தி அழிக்கும் மின்பகுப்பு முறையைத்தான். லேசரைக்கூட நிரந்தரக் குறைப்பு என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு வீடுகளில் பூசும் குப்பைமேனி, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள் கலவையும் முகத்துக்கு ஒத்துக்கொண்டது அந்தரங்கத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். எரிச்சலும் ஒவ்வாமையும் வரலாம்.

பிறகு செய்ய வேண்டியது

முடியை எடுத்தபின் சுத்தமான ஈரத்துணியைக் குளிரவைத்து ஒற்றி எடுங்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ வாஸ்லினோ மெல்லியதாகப் பூசினால் போதும். தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். இரண்டு நாளுக்கு நீச்சல், வெந்நீர்க் குளியல், தாம்பத்தியம் வேண்டாம். பவுடர், வாசனைத் திரவியம், கிருமிநாசினித் திரவம் எதையும் ஊற்றாதீர்கள், எரியும்.

உள்ளே வளரும் முடி தெரிந்தால் கிள்ளாமல் வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஒத்தடம் கொடுங்கள். அது ஆறும்வரை திரும்ப மழிக்காதீர்கள். இன்னொன்று: ஊரிலிருந்து உறவினர் கொண்டுவந்து தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசாதீர்கள். அன்றைக்கு அரிப்பு அடங்கும். நாளடைவில் தோல் மெலியும், படை பரவும்.

சிவப்பு பரவிக்கொண்டே போனால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், நடக்க முடியாத வலி என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கொப்புளத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது? தொடை இடுக்கிலும் அக்குளிலும் கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அது ரேசரின் குற்றமாக இல்லாமல் தனி நோயாகவும் இருக்கலாம். அதற்கும் மருத்துவம் இருக்கிறது.

பேச்சு

லான்மடாவில் இருந்தபோது இந்த வீட்டுக்கு ஒரு சின்னம்மா வருவார், அந்த வீட்டுக்கு ஓர் அத்தை வருவார். அம்மா சொல்லாததை அவர்களில் யாராவது பின்கட்டில் உட்கார்ந்து காதோடு சொல்லிவிடுவார்கள். அகதியாகப் புறப்பட்ட குடும்பத்தில் அந்தச் சின்னம்மாவும் இல்லை, அந்தப் பின்கட்டும் இல்லை. இரண்டு அறை வீட்டில் அம்மா, அப்பா, பிள்ளைகள் மட்டும். நாமும் சொல்லாவிட்டால் பிள்ளைகள் கைபேசியில் விளம்பரத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள். மகன்களுக்கும் இதே கதைதான். அவர்களும் மழிக்கிறார்கள், அவர்களுக்கும் கட்டி வருகிறது, அவர்களும் சொல்வதில்லை.

எங்கள் இளைய மகளுக்கு இப்போது 17 வயது. சென்ற மாதம் மூன்று பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பேச்சை எடுத்தோம். முதலில் அவள் சிரித்தாள், பிறகு காதைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, போதும்!" என்றாள். மூத்தவள்தான் தொடர்ந்து பேசினாள், தன் தழும்பைப் பற்றியும். இளையவள் மெல்லக் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள். பிறகு இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டும் நல்ல கேள்விகள்.

கல் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இப்போது கழுவி வெயிலில் காயவைத்துத்தான் எடுக்கிறோம். கன்னத்துக்கு மட்டும்.